இரண்டு டிரைவ், இரண்டு விண்டோஸ்: வேண்டாததை அகற்றுவது எப்படி?

கணினியில் ஏற்கெனவே ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. வேகத்துக்காக ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பொருத்தி, அதில் புதிதாக விண்டோஸ் நிறுவிவிட்டீர்கள். பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸை அப்போதைக்கு அப்படியே விட்டுவைத்தீர்கள். இப்போது கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் நீலத் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நின்று, எது வேண்டும் என்று கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டதால், பழைய டிரைவில் பத்தும் புது டிரைவில் பதினொன்றுமாக ஓடும் கணினிகள் நிறையவே இருக்கின்றன.

பழைய டிரைவை ஃபார்மட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். பல கணினிகளில் அப்படியே முடிந்தும் விடும். சிலவற்றில் மட்டும், பழையதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் புதியதும் சேர்ந்து படுத்துவிடும். கறுப்புத் திரையில், பூட் ஆகக்கூடிய டிரைவ் எதுவும் இல்லை என்று ஒற்றை வரி. புது விண்டோஸின் ஒரு ஃபைலைக்கூட நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கும். ஆனால் அதை எங்கிருந்து தொடங்குவது என்பது கணினிக்குத் தெரியாது.

ஏன் இப்படி? விண்டோஸை நிறுவும்போது, கணினியில் ஏற்கெனவே வேறொரு டிரைவில் பூட் பார்ட்டிஷன் (கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபைல்கள் இருக்கும் தனிப் பகுதி) இருந்தால், நிறுவி பெரும்பாலும் புதிதாக ஒன்றை உருவாக்காது. இருப்பதிலேயே தன் பூட் ஃபைல்களையும் போட்டுவிடும். புது வீட்டுக்குக் குடிபோய்விட்டு, சாவியை மட்டும் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவைத்த கதை. பழைய வீட்டை இடிக்கும்போது சாவியும் போய்விடுகிறது.

அழிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்து, தேவையானால் இடம் மாற்றி, புதியது தனியாகவே எழுந்து நிற்கிறதா என்று சோதிப்பதுதான் உண்மையான வேலை. அதற்குப் பிறகுதான் அழிப்பது.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

எந்த டிரைவில் எது இருக்கிறது?

முதலில், நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் விண்டோஸுக்குள் நுழையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி 'வின்வெர்' என்று கொடுங்கள். எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்று ஒரு சிறு பெட்டி சொல்லிவிடும்.

அடுத்து, ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிரைவும் ஒரு நீளப் பட்டையாகத் தெரியும்: டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று. எழுத்தை நம்பிப் போகாதீர்கள். சி என்பது ஒரு டிரைவின் நிரந்தரப் பெயர் அல்ல. எந்த விண்டோஸுக்குள் இருக்கிறீர்களோ, அது பொதுவாகத் தன்னையே சி என்று அழைத்துக்கொள்ளும். பழைய விண்டோஸில் சி ஆக இருந்தது புதியதில் டி ஆகவோ ஈ ஆகவோ தெரியும். டிஸ்க் எண்ணும் அப்படித்தான். கேபிளை வேறு போர்ட்டில் மாற்றிச் சொருகினால் எண்ணும் மாறக்கூடும்.

நம்பத்தக்கது இரண்டு: கொள்ளளவும் மாடல் பெயரும். பெட்டியில் 500 ஜிபி என்று போட்ட டிரைவ் இங்கே 465 ஜிபி என்று காட்டும், 1 டிபி என்பது 931 ஜிபி. தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுத்துச் சொல்வதை விண்டோஸ் 1024-ஆல் வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். டிரைவில் எதுவும் தொலைந்துபோகவில்லை. இரண்டும் ஒரே அளவாக இருந்தால், 'டிஸ்க் 0' என்று எழுதியிருக்கும் சாம்பல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். மாடல் பெயர் வரும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இது இருக்க வேண்டியது, இது போக வேண்டியது. பின்னால் கட்டளை கொடுக்கும் நேரத்தில் அந்தத் தாள் கைகொடுக்கும்.

இனி பட்டைகளுக்குள் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏதோ ஒரு பார்ட்டிஷனில் 'பூட்' என்று இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருக்குமிடம் அது. வேறொன்றில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்றோ, பழைய முறையில் அமைந்த டிரைவாக இருந்தால் 'சிஸ்டம்' என்றோ இருக்கும். பூட் ஃபைல்கள் உண்மையில் இருப்பது இதில்தான். பெயர்கள் தலைகீழாக இருப்பதாகத் தோன்றினால் அது உங்கள் தவறல்ல, மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர்கள் அப்படி.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் டிரைவின் பட்டையில், பெரிய சி பார்ட்டிஷனோடு ஒரு சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனும் இருக்கிறதா? வழக்கமாக அது 100 எம்பி அளவில் இருக்கும். இருந்தால் நல்ல அறிகுறி, பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாமல், பழைய டிரைவில் மட்டும் இருந்தால் சாவி அங்கேதான் தொங்குகிறது.

பழையதில் இருந்து எடுக்க வேண்டியவை

படங்களும் ஆவணங்களும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். புது விண்டோஸில் இருந்தபடியே பழைய டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் போகலாம். அனுமதி இல்லை என்று தடுக்கும். கன்டினியூ கொடுத்தால், ஃபைல்கள் அதிகமாக இருந்தால் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, உள்ளே விடும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாவற்றையும் காப்பி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் சிலவற்றை இப்படி வெளியிலிருந்து எடுக்க முடியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் அதில் முக்கியமானவை. க்ரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்து வந்தாலும் புதிய இடத்தில் திறக்காது. அதனால் கடைசியாக ஒருமுறை பழைய விண்டோஸுக்குள் நுழைந்து, பிரவுசரில் சிங்க் போடுங்கள், அல்லது பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். இத்தனை கணினிகளில்தான் பயன்படுத்தலாம் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் ஏதாவது பழையதில் இருந்தால், அங்கேயே டிஆக்டிவேட் செய்யுங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகச் சின்னத்தோடு இருப்பவை டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் இருக்கின்றன. அவற்றைக் காப்பி செய்ய மெனக்கெட வேண்டாம், புது விண்டோஸில் அதே கணக்கில் நுழைந்தாலே வந்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. புது விண்டோஸில் இருந்துகொண்டே நீங்கள் சில கேம்களையோ மென்பொருள்களையோ பழைய டிரைவில் நிறுவியிருக்கலாம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அங்கே மாற்றி வைத்திருக்கலாம். அந்த டிரைவை அழித்தால் இவையும் போகும். செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை டிரைவ் வாரியாக வடிகட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரையும் மறக்கக் கூடாது. புது விண்டோஸ் இருக்கும் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால், பூட் அமைப்பில் கை வைத்தவுடன் அது சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். பூட்டியதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும் பல கணினிகளில் விண்டோஸ் 11 தானாகவே பூட்டிவிடுகிறது. கணக்குப் பக்கத்துக்குப் போய் அந்தக் கீயை எடுத்து எழுதிவைத்துவிட்டு, கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பகுதியில் 'சஸ்பெண்ட்' கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஹோம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லாமல் இருக்கலாம். அங்கே கீயைக் கையில் வைத்துக்கொண்டாலே போதும்.

சாவியை இடம் மாற்றுதல்

வைத்துக்கொள்ளும் டிரைவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஏற்கெனவே இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

விண்டோஸ் கீ, ஆர் அழுத்தி 'எம்எஸ்இன்ஃபோ32' கொடுங்கள். பயாஸ் மோட் என்ற வரியில் யூஇஎஃப்ஐ (புதிய தொடக்க முறை) என்று இருந்தால் கீழே உள்ளது உங்களுக்கு. லெகசி (பழைய முறை) என்று இருந்தால் கட்டளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பழைய டிரைவைக் கழற்றிவைத்துவிட்டு, விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியில் இருந்து பூட் செய்து, 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வழியாக ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓடவிடுவதுதான் புதியவர்களுக்கு ஏற்றது. ஒரே ஓட்டத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

யூஇஎஃப்ஐ என்றால் இப்படி. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'டிஸ்க்பார்ட்' என்று தட்டுங்கள். பின் வரிசையாக:

லிஸ்ட் டிஸ்க்
செலக்ட் டிஸ்க் 1 (1 என்ற இடத்தில், புது விண்டோஸ் இருக்கும் டிரைவின் எண்)
லிஸ்ட் பார்ட்டிஷன்
செலக்ட் பார்ட்டிஷன் 2 (சி இருக்கும் பெரிய பார்ட்டிஷனின் எண்)
ஷ்ரிங்க் டிசையர்ட்=300
கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260
ஃபார்மட் க்விக் எஃப்எஸ்=ஃபேட்32
அசைன் லெட்டர்=இசட்
எக்ஸிட்

சி பார்ட்டிஷனின் வாலில் இருந்து 300 எம்பி வெட்டி, அதில் 260 எம்பிக்கு ஒரு இஎஃப்ஐ பார்ட்டிஷன் அமைத்து, அதற்குத் தற்காலிகமாக இசட் என்ற எழுத்தைக் கொடுத்திருக்கிறோம். சி-யில் உள்ள ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் முக்கியமானவற்றின் பிரதி வெளி டிரைவில் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பிறகு அதே கறுப்புப் பெட்டியில், ஒரே வரியாக:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் ஃபைல்கள் வெற்றிகரமாக உருவாக்கப்பட்டன என்று பதில் வர வேண்டும். வந்தால் புது டிரைவுக்கு இப்போது சொந்தச் சாவி இருக்கிறது. அடுத்த முறை ரீஸ்டார்ட் ஆகும்போது இசட் என்ற எழுத்து காணாமல் போகும், அது சரிதான்.

கழற்றிப் பார்க்கும் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள். மற்ற எதையும் விட இது நம்பகமானது.

ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் படுக்காமல் முழுதாக அணையும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியைத் திறந்து பழைய டிரைவின் சாட்டா டேட்டா கேபிளை, அந்த மெல்லிய பட்டைக் கேபிளை, டிரைவ் பக்கத்தில் இருந்து உருவுங்கள். பலவற்றில் சிறு உலோகக் கொக்கி இருக்கும், அதை அழுத்தினால்தான் வரும். முரட்டுத்தனமாக இழுத்தால் டிரைவின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். பழையது மதர்போர்டில் நேரடியாகச் சொருகும் எம்.2 வகை என்றால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியதும் அது தானாகச் சாய்ந்து எழும், நேராக உருவி எடுங்கள். பெட்டியைத் திறக்க மனம் வராவிட்டால், சில மதர்போர்டுகளில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) அந்தப் போர்ட்டை மட்டும் டிசேபிள் செய்ய வழி இருக்கிறது.

இப்போது ஆன் செய்யுங்கள். புது விண்டோஸ் வந்து நின்றால் அது தன் காலில் நிற்கிறது. வராவிட்டால் முதலில் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் மதர்போர்டுகளில் எஃப்8, எம்எஸ்ஐ, அஸ்ராக்கில் எஃப்11. அங்கே புது டிரைவின் பெயர் தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அது எழுந்தால், பயாஸில் அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட்டால் போதும். அதற்கும் அசையாவிட்டால் பதற வேண்டாம், இன்னும் எதையும் அழிக்கவில்லை. அணைத்து, கேபிளைத் திரும்பச் சொருகி, முந்தைய பகுதியை மீண்டும் பாருங்கள்.

சோதனையில் தேறிய பிறகும் உடனே அழிக்க வேண்டும் என்றில்லை. பழைய டிரைவ் கழன்ற நிலையிலேயே ஒரு வாரம் வேலை செய்யுங்கள். எதை எடுக்க மறந்தீர்கள் என்பது அந்த வாரத்தில்தான் தெரியவரும்.

அழித்தல்

டிரைவை மீண்டும் இணையுங்கள். பேக்கப் எடுத்த வெளி டிரைவையும் பென்டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள். தவறான எண்ணைத் தட்ட வாய்ப்பே இருக்கக் கூடாது. பயாஸில் புது டிரைவ்தான் முதலில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு புது விண்டோஸுக்குள் நுழையுங்கள்.

டிரைவ் முழுவதும் காலியாக வேண்டுமா, பழைய விண்டோஸ் மட்டும் போனால் போதுமா என்பதைப் பொறுத்து வழி மாறும்.

முழுவதும் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒவ்வொரு பார்ட்டிஷனாக டிலீட் வால்யூம் கொடுக்கலாம். ஆனால் இஎஃப்ஐ, ரெக்கவரி பார்ட்டிஷன்களை அது தொடவிடாது, ரைட் கிளிக் செய்தால் ஹெல்ப் மட்டும்தான் வரும். அதற்கு டிஸ்க்பார்ட்தான். லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (போக வேண்டிய எண்), பிறகு 'டீட்டெய்ல் டிஸ்க்'. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மாடல் பெயர் முதல் வரியில் வரும், எழுதிவைத்த தாளோடு ஒப்பிடுங்கள். அதற்குக் கீழே 'பூட் டிஸ்க்', 'பேஜ்ஃபைல் டிஸ்க்' (நினைவகம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல் உள்ள டிஸ்க்) போன்ற வரிகள் எல்லாவற்றிலும் 'நோ' என்று இருக்க வேண்டும். இருந்தால், 'கிளீன்'. நிச்சயமா என்று அது கேட்காது. என்டர் தட்டிய கணத்தில் முடிந்துவிடும்.

சில நேரம் கிளீன் மறுத்துவிடும்: தற்போதைய பூட், சிஸ்டம், பேஜ்ஃபைல் முதலியவை இந்த டிஸ்க்கில் இருப்பதால் அனுமதியில்லை என்று. இதைத் தாண்ட வேறு கருவி தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தேடாதீர்கள். சாவி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அல்லது இம்முறை கணினி அந்தப் பக்கமாக பூட் ஆகியிருக்கிறது என்று அது நமக்காகத்தான் சொல்கிறது. பேஜ்ஃபைல் மட்டும்தான் காரணமென்றால், சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு, பெர்ஃபாமன்ஸ், விர்ச்சுவல் மெமரி என்று போய் அந்த டிரைவுக்கு 'நோ பேஜிங் ஃபைல்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். இன்னொன்று, இந்தக் காவல் விண்டோஸ் ஓடும் டிஸ்க்குக்கு மட்டும்தான். உங்கள் படங்கள் இருக்கும் மூன்றாவது டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மறுபேச்சில்லாமல் துடைத்துவிடும்.

கிளீன் ஆனதும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குத் திரும்புங்கள். இனிஷியலைஸ் செய்யச் சொல்லிக் கேட்கும், ஜிபிடி தேர்ந்தெடுங்கள். நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், க்விக் ஃபார்மட், ஓர் எழுத்து. அவ்வளவே.

பழைய டிரைவிலேயே இன்னொரு பார்ட்டிஷனில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய ஃபைல்கள் இருந்தால் கிளீன் பக்கமே போகாதீர்கள். பழைய விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் டிலீட் வால்யூம் கொடுங்கள். காலியான இடத்தை, ஃபைல்கள் உள்ள பார்ட்டிஷனோடு சேர்க்க நினைத்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகத் தெரியும். காலியிடம் வலப்பக்கத்தில் ஒட்டி இருந்தால்தான் அது வேலை செய்யும், பழைய சி பெரும்பாலும் இடப்பக்கத்தில் இருந்திருக்கும். அந்த இடத்தைத் தனி வால்யூமாக வைத்துக்கொள்வதே நிம்மதி.

பழைய டிரைவை வேறு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் வெறும் கிளீன் போதாது. அது அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது, தரவை மீட்டெடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் என்றால் 'கிளீன் ஆல்' கொடுங்கள். முழு டிரைவிலும் பூஜ்யங்களை எழுதும், மணிக்கணக்கில் ஆகும். எஸ்எஸ்டி என்றால் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் இரேஸ் பொருத்தமானது.

மெனுவில் மிஞ்சிய பெயர்

புது இஎஃப்ஐ பார்ட்டிஷன் அமைத்தவர்களுக்கு மெனுவே வராது. மற்றவர்களுக்குப் பழைய விண்டோஸின் பெயர் வந்துகொண்டே இருக்கும். 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து பூட் தாவலில் பாருங்கள். 'கரன்ட் ஓஎஸ்' என்று எதன் அருகில் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, மற்றதைத் தேர்ந்து டிலீட் கொடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டுப் பழைய விண்டோஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. போவது பெயர் மட்டும்தான், பல ஜிபி ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, முக்கியமாக மதர்போர்டோடு, பிணைந்தது. பழைய டிரைவைத் துடைப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது.

போக வேண்டியது லினக்ஸ் என்றால்

வரிசை மாறும். யூஇஎஃப்ஐ கணினியில் முதலில் பயாஸுக்குள் போய், பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்கு ஏற்றுங்கள். பிறகு மேலே சொன்ன கழற்றும் சோதனை. அதன் பிறகு லினக்ஸ் டிரைவை கிளீன் செய்யலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் பெயரோ ஃபைல் சிஸ்டமோ இல்லாமல் மொட்டையாகத் தெரியும், அதை வைத்துக் கண்டுகொள்ளலாம். பழைய லெகசி கணினியில் க்ரப் பூட்லோடர் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) விண்டோஸ் டிரைவின் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். அப்போது லினக்ஸை அழித்ததும் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை வரும். விண்டோஸ் யூஎஸ்பியில் பூட் செய்து கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்தால் தீரும். பயாஸ் பட்டியலில் 'உபுண்டு' என்ற பெயர் மட்டும் மிஞ்சி நின்றால் அதனால் தொல்லை ஒன்றுமில்லை. பல பயாஸ்களில் பூட் ஆப்ஷனை நீக்கும் இடம் இருக்கிறது.

தலைகீழாக, லினக்ஸை வைத்துக்கொண்டு விண்டோஸை அனுப்புகிறீர்கள் என்றால், உபுண்டு வகைகளில் 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுத்தால் மெனுவில் இருந்து விண்டோஸ் பெயர் மறையும். அதற்கு முன் /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் பார்ட்டிஷன் தானாக மவுண்ட் ஆவதற்கு எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால், அடுத்த பூட்டில் இல்லாத அந்தப் பார்ட்டிஷனுக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, லினக்ஸ் எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.